வளரும் பியர்டெட் டிராகன் சரியாகச் சாப்பிடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பியர்டெட் டிராகன் என்ற பல்லியின் குட்டியை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைச் சுற்றியே இருக்கும். கிரிக்கெட் பூச்சி (சிள்வண்டு) போட்டால் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறது, கீரையை மிதித்துவிட்டுப் போகிறது, நன்றாகத் தின்கிறது ஆனால் வளரவே இல்லை. உடனே எல்லோரும் செய்வது உணவை மாற்றுவது. வேறு பூச்சி, வேறு கீரை, வேறு பவுடர், கடைசியில் கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்து. என்னைக் கேட்டால், தட்டைத் தொடுவதற்கு முன் தட்டுக்கு மேலே தொங்கும் விளக்கைப் பாருங்கள் என்பேன். வளரும் பியர்டியின் (பியர்டெட் டிராகனின் செல்லப் பெயர்) சாப்பாட்டுத் தகராறு பாதி நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த போகோனா விட்டிசெப்ஸ் இனத்துக்கு. செல்லமாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் அதுதான். நம் ஊர் ஓணானும் இதே அகமிடே குடும்பம்தான், ஆனால் வேலியில் திரியும் ஓணானுக்கு வெயில் இலவசம், தொட்டிக்குள் இருப்பதற்கு நாம்தான் வெயிலைச் செய்து கொடுக்க வேண்டும். நான் இருப்பது மெல்போர்னில், அதனால் குளிர்காலம் என்று சொல்லும்போது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

ஊர்வனவற்றுக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு போதாவிட்டால் பசி எடுக்காது, சாப்பிட்டதும் செரிக்காது, வயிற்றிலேயே கிடந்து கெட்டுப்போகும். வளரும் பருவத்தில், சூட்டு விளக்கின் கீழே அது வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தொட்டியின் மறுகோடி 24 முதல் 28 வரை இருந்தால் சரி, சூடு அதிகமானால் அது ஒதுங்குவது அங்கேதான். இரவில் 18க்குக் கீழே விடாதீர்கள். ஜூலை மாதம் ஹீட்டர் போடாத அறை சர்வசாதாரணமாக அதற்குக் கீழே போகும், அப்போது வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்துப் போடுங்கள். சிவப்பு, நீல இரவு பல்புகள் தூக்கத்தைக் கெடுப்பதற்கு மட்டும்தான் உதவும்.

இந்தச் சூட்டை எதில் அளந்தீர்கள் என்பது முக்கியம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் தெர்மாமீட்டர் கல்லின் சூட்டைச் சொல்லாது, தான் ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் சொல்லும், அதையும் ஒழுங்காகச் சொல்லாது. துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், ஒன்று வாங்கிவிடுங்கள். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அது வழக்கமாகப் படுக்கும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

அடுத்தது யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை. தோலில் யூவிபி பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். 10 அல்லது 12 சதவீத யூவிபி என்று போட்டிருக்கும் டி5 ஹெச்ஓ (T5 HO) நீளக் குழல் விளக்குதான் சரி, குழல் தொட்டியின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுருள் பல்புகள் வீசும் வட்டம் சின்னது, வளர வளர உடம்பில் பாதி அதற்கு வெளியே கிடக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் யூவிபியைத் தடுத்துவிடும், ஆகையால் ஜன்னல் வழியாக விழும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பிவலை மூடியே கணிசமான பங்கை வடிகட்டிவிடும், எனவே எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதைத் தயாரிப்பாளர் கொடுக்கும் அட்டவணையில், வலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். டி5 குழலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நன்றாகத்தானே எரிகிறது என்று பலர் விட்டுவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் சத்தமில்லாமல் குறைந்துபோயிருக்கும். சூட்டு விளக்கும் யூவிபியும் பகலில் 12 முதல் 14 மணி நேரம், டைமர் போட்டு.

மூன்றாவது பொருள் சமையலறைத் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது. வாரம் ஒரு முறை, காலையில் சாப்பாட்டுக்கு முன், ஒரு டப்பாவில் உட்கார வைத்து எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். முட்டையிலிருந்து வரும்போது 2, 3 கிராம்தான் இருக்கும் இந்தக் குட்டி, முதல் ஒரு வருடத்தில் ஏறக்குறைய முழு நீளத்தையும் எட்டிவிடும், பிறகு 400, 500 கிராம் என்று நிற்கும். இவ்வளவு வேகமாக வளரும் உயிரின் விஷயத்தில் "கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கே" என்ற யோசனைக்கு மதிப்பில்லை. கீழே நான் சொல்லும் பல முடிவுகள் அந்தத் தாளில் இருக்கும் எண்களைப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை

புது இடம் பயமுறுத்தும். ஒன்றிரண்டு வாரம் குறைவாகச் சாப்பிடுவது வழக்கம்தான், அந்த நேரத்தில் தூக்கிக் கொஞ்சுவதும், சொந்தக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். தொட்டியின் மூன்று பக்கத்தைத் தாளால் மூடுங்கள். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து விடாமல் பிறாண்டிக்கொண்டிருந்தால் இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். நாய் பூனை அந்த அறைக்குள் வரக் கூடாது.

சின்னக் குட்டி பெரிய தொட்டிக்குள் பூச்சியைத் தேடிக் கண்டுபிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. தொட்டி பெரிதாக இருப்பதில் தப்பில்லை, பூச்சி ஒளிய நூறு இண்டு இடுக்கு இருப்பதுதான் தொல்லை. தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஊட்டிப் பாருங்கள், அல்லது வழுவழுப்பான ஆழமான கிண்ணத்தில் பூச்சியைப் போடுங்கள். கடையில் அல்லது வளர்ப்பவரிடம் அது என்ன சாப்பிட்டது என்று கேட்டு முதல் சில நாள் அதையே கொடுங்கள். அங்கே கிரிக்கெட் தின்று வளர்ந்ததற்கு ரோச் (தீனிக்கென விற்கும் கரப்பான்) ஓடினால் அது உணவு என்று உடனே புரியாமல் போகலாம்.

எடை இறங்காமல், கண் தெளிவாக, பகலில் கல்லின் மேல் ஏறிப் படுத்திருந்தால் பொறுக்கலாம். கண் குழிந்து நாள் முழுக்க மூடியே இருந்தால் பொறுக்கக் கூடாது, குட்டிகளுக்குச் சேமிப்பு குறைவு.

நன்றாகச் சாப்பிட்டது, திடீரென்று குறைத்துவிட்டது

இதற்குக் காரணம் நிறைய, வரிசையாகப் போவோம்.

தோல் வெளிறிச் சாம்பல் நிறமாகியிருக்கிறதா? சட்டை உரிக்கப் போகிறது. சில நாள் பசி குறையும், உரிந்த பிறகு தானே திரும்பும். வளரும் குட்டி அடிக்கடி உரிக்கும் என்பதால் இது மறுபடி மறுபடி நடக்கும்.

வயது என்ன? இங்கேதான் பலர் வீணாகப் பதறுகிறார்கள். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10, 15 நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு பூச்சி. பொடிக் கிரிக்கெட்டாக இருந்தால் நாளுக்கு 30, 40 போவது ஆச்சரியமில்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் இரண்டு வேளை போதும், ஆறுக்கு மேல் ஒரு வேளை. வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. எட்டு மாதப் பியர்டி மூன்று மாதக் குட்டி போலத் தின்னவில்லை என்றால் அது நோய் இல்லை, எடைத் தாளைப் பாருங்கள், மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருந்தால் விடுங்கள்.

குளிர்காலமா? இங்கே வசந்தத்திலும் கோடையிலும் பொரித்த குட்டிகளுக்கு முதல் குளிர்காலம் ஒரு வயது ஆகும் முன்பே வந்துவிடும். அறை குளிர்ந்தால் அதே விளக்கு அதே உயரத்தில் இருந்தாலும் கல்லின் சூடு நாலைந்து டிகிரி இறங்கும், கோடையில் அளந்து வைத்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், மறுபடி அளந்து பாருங்கள். வயது வந்த பியர்டிகள் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மந்தமாகித் தூங்கும், அது இயல்பு. ஒரு வயதுக்கு உட்பட்டதை அப்படித் தூங்க விட வேண்டாம், வளர்வதற்குத் தேவையான சேமிப்பு அதனிடம் இல்லை. வெளிச்ச நேரத்தையும் சூட்டையும் குறைக்காமல் வைத்திருங்கள். அப்படியும் சுருண்டு கிடந்தால், தூங்குகிறது என்று நாமே முடிவு கட்டாமல் மலப் பரிசோதனையோடு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வாயில் ஏதாவது? உதட்டோரம் வீக்கம், மஞ்சள் சீழ் போன்ற பூச்சு, வாயை மூட முடியாமல் இருப்பது, இவை வாய்ப்புண். கல்லின் மேல் படுத்தபடி வாயைத் திறந்து வைத்திருப்பது வேறு, அது சூட்டை வெளியேற்றும் வழக்கமான வேலை. குளிர்ந்த பக்கத்திலும் வாய் திறந்தபடி மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சந்தேகியுங்கள்.

கடைசியாகச் சலிப்பு. ஒரே பூச்சியை மாதக்கணக்கில் போட்டால் சில பியர்டிகள் அலுத்துப்போகும். கிரிக்கெட், ரோச், பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஃபிளை புழு என்று மாற்றிக் கொடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் டூபியா ரோச் பற்றியே பேசுவார்கள், ஆஸ்திரேலியாவில் அது கிடையாது, இங்கே கடைகளில் வுட் ரோச் என்று விற்பதை வாங்குங்கள். மீல்வார்ம் என்ற வண்டுப் புழு எப்போதாவது மட்டும், கொழுப்பு அதிகம், ஓடும் கடினம். (உயிரோடு விழுங்கிய மீல்வார்ம் வயிற்றைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் என்று ஒரு பயங்கரக் கதை உலவுகிறது, நம்பாதீர்கள்.)

பூச்சி என்றால் பாய்கிறது, கீரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை

குட்டிப் பருவத்தில் உணவில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. பெரிதானதும் இது தலைகீழாகும். எனவே மூன்று மாதக் குட்டி கீரையை ஒதுக்குவதில் ஆச்சரியமில்லை, ஆனால் தட்டில் தினமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வயதில் இலை என்றாலே என்னவென்று தெரியாத ஒரு பிடிவாதக்காரனை வைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள்.

நேரத்தை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, பசி உச்சத்தில் இருக்கும்போது கீரைத் தட்டை வையுங்கள், பூச்சி மதியம்தான். பொடியாக, அதன் வாய்க்கு ஏற்ற அளவில் நறுக்குங்கள், நீளக் காம்பாக வைத்தால் யார் சாப்பிடுவார்கள். அசைவது எதுவானாலும் அதற்கு இரை என்பதால் கீரையின் மேல் நாலு புழுவைப் போட்டால் புழுவைக் கவ்வும்போது இலையும் வாய்க்குள் போகும். தட்டைக் கொஞ்சம் ஆட்டினாலும் சில குட்டிகள் ஏமாந்துபோகும். கல் பக்கத்தில், நின்ற இடத்திலிருந்து தெரியும்படி வையுங்கள். ஒரு துண்டு துருவிய பரங்கிக்காய் அல்லது சிவப்புக் குடைமிளகாய் மேலே தூவினால் நிறம் இழுக்கும்.

எந்தக் கீரை என்பதில் நம் வீடுகளில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. ஃபிரிட்ஜில் முளைக்கீரை இருக்கிறது, பாலக் இருக்கிறது, சத்தான கீரைதானே என்று அதையே தினமும் நறுக்கிப் போடுகிறோம். நமக்குச் சத்துதான். பாலக்கிலும் தண்டு, முளைக்கீரை வகையறாவிலும் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. எலும்பு வளரும் பருவத்தில் இதை அன்றாடக் கீரையாக்கக் கூடாது. என்றோ ஒரு நாள் ஒரு இலை தின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. அன்றாடத்துக்கு பாக் சோய், கடுகுக்கீரை, எண்டைவ், டேன்டேலியன் இலை போன்றவற்றை மாற்றி மாற்றி வையுங்கள். முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை தைராய்டுக்கு ஆகாது என்று சொல்வது அதையே மட்டும் அளவில்லாமல் கொடுத்தால்தான், மற்றவற்றோடு கலந்து கொடுப்பதில் பயமில்லை. நாகதாளி மட்டையை முள் நீக்கி நறுக்கிக் கொடுக்கலாம், செம்பருத்திப் பூ கொடுத்தால் பெரும்பாலானவை விரும்பித் தின்னும், மருந்து அடிக்காத செடியாக இருக்க வேண்டும். நடைபாதைப் புல்லில் முளைக்கும் டேன்டேலியனைப் பறிக்காதீர்கள், அங்கே களைக்கொல்லி தெளிப்பார்கள். ஐஸ்பெர்க் லெட்டூஸ் வெறும் தண்ணீர். பழம் எப்போதாவது ஒரு துண்டு. வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகாடோ நஞ்சு, கொஞ்சம்கூட வேண்டாம்.

எல்லாம் செய்தும் தொடவில்லையா, ஆறு மாதம் தாண்டிவிட்டதா, எடை நன்றாக இருக்கிறதா? அப்படியானால் பூச்சி நாட்களைக் குறைத்து இடையில் கீரை மட்டும் வையுங்கள். மூன்று மாதக் குட்டியிடம் இந்தப் பட்டினி வித்தையைக் காட்டக் கூடாது.

பூச்சியைக் குறிவைத்துத் தவற விடுகிறது, விரல் துடிக்கிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பசி இருக்கிறது, பாய்கிறது, ஆனால் நாக்கு சரியாக நீளவில்லை, கவ்விய பூச்சி நழுவுகிறது. கால்விரல்கள் தானாகத் துடிக்கின்றன. நடக்கும்போது வயிற்றைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. கீழ்த்தாடையை லேசாகத் தொட்டால் ரப்பர் போல வளைகிறது, அல்லது கால் வீங்கியிருக்கிறது, முதுகெலும்பில் மேடு தெரிகிறது. இவை கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோயின் அடையாளங்கள். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும், அதுவும் போதாதபோது தசை துடிக்கத் தொடங்கும். துடிப்பு தெரிகிறது என்றால் எலும்பு ஏற்கனவே நிறைய இழந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வளைந்த எலும்பு முழுக்க நேராகாது, ஆனால் சீக்கிரம் பிடித்தால் நோயை நிறுத்தலாம்.

இது ஏன் வருகிறது என்றால், நாம் போடும் பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தேவையோ அதற்கு நேர்மாறு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு. கடையில் விற்கும் தீனிப் பூச்சிகளில் பிளாக் சோல்ஜர் ஃபிளை புழுவில்தான் கால்சியம் கூடுதலாக இருக்கிறது, மற்றவற்றின் குறையை நாம் பவுடரால் ஈடுகட்ட வேண்டும். பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் பவுடரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு சிட்டிகை போட்டு, அந்த வேளைக்குரிய பூச்சிகளை அதற்குள் விட்டுக் குலுக்கி உடனே கொடுங்கள். உடனே என்பது முக்கியம், கிரிக்கெட் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பவுடர் தரையில் கிடக்கும். வளரும் பருவத்தில் கிட்டத்தட்ட தினமும் ஒரு வேளைக்குக் கால்சியம், வாரம் ஒன்றிரண்டு முறை அதற்குப் பதில் மல்டிவைட்டமின் பவுடர். டி3 சேர்த்த கால்சியத்தை நல்ல யூவிபி இருக்கும் தொட்டியில் தினமும் போட வேண்டியதில்லை, டி3யும் வைட்டமின் ஏயும் அளவு மீறினால் அதுவே விஷம்.

கொடுக்கும் பூச்சியும் பட்டினியாக இருக்கக் கூடாது. கடை டப்பாவில் பல நாள் கிடந்த கிரிக்கெட் வெறும் ஓடு. ஒரு நாளாவது கேரட், கீரை, தானிய மாவு கொடுத்து வளர்த்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பவுடர் எல்லாம் ஒழுங்காகப் போட்டும் இது வந்தால் திரும்ப யூவிபிக்குப் போங்கள். குழலுக்கும் முதுகுக்கும் இடையே என்னென்ன இருக்கிறது, குழல் வாங்கி எத்தனை மாதம் ஆகிறது. நல்ல வெயில் நாளில் கம்பிவலைக் கூண்டில் வைத்து நிழலும் இருக்கும்படி பதினைந்து இருபது நிமிடம் வெளியே வைக்கலாம், எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை. கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்தால் வெந்துபோகும். பக்கத்திலேயே இருங்கள், குக்கபரா என்ற பறவை குட்டிப் பல்லியைத் தூக்குவதற்கு யோசிக்காது.

நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறவில்லை

ஒரே தொட்டியில் இரண்டு இருக்கின்றனவா? பிரித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று கொழுக்கும், இன்னொன்று மூலையில் ஒடுங்கும், அப்புறம் கடிபட்டு வால் நுனியும் விரலும் காணாமல்போகும்.

தனியாக இருந்தும் ஏறவில்லை என்றால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். பியர்டிகளில் காக்சிடியா, குறிப்பாக ஐசோஸ்போரா ஆம்ஃபிபொலூரை, மிகப் பரவலாகக் காணப்படும், ஊசிப்புழுவும் அப்படியே. மலம் தண்ணீராக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு வரும். மலத்தில் வெளியேறும் முட்டை தட்டிலும் காலிலும் ஒட்டி மறுபடி வாய்க்குள் போவதால் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் தீராது. தரையில் தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். சாதாரணக் கிருமிநாசினிகள் காக்சிடியாவிடம் பெரிதாக எடுபடாது, கொதிக்கும் சூடுதான் எடுபடும். கொஞ்சமாக இருக்கும் ஊசிப்புழுவுக்கு மருத்துவர் மருந்தே வேண்டாம் என்று சொல்லவும் கூடும், எனவே நாய்க்கு வாங்கிய புழு மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் துணிச்சல் வேண்டாம். புதிய மலத்தைச் சின்ன மூடி டப்பாவில் எடுத்து, கொண்டுபோகத் தாமதமானால் ஃபிரிட்ஜில் வைத்து, எடைத் தாளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

மலம் சுத்தம் என்று வந்தும் குட்டி தேறாமல், சோர்ந்து, உடன்பிறந்தவற்றில் பாதி அளவில் நின்றுவிட்டால் அடினோவைரஸ் சோதனை பற்றிக் கேளுங்கள். குட்டிகளைத்தான் அது அதிகம் தாக்கும், நேரடி மருந்து கிடையாது, மற்றப் பியர்டிகளிடமிருந்து தள்ளி வைப்பது அவசியம்.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் அந்த வழியாகத்தான் வரும். மின்மினியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வட அமெரிக்காவின் ஃபோட்டினஸ் மின்மினிகளைத் தின்று பியர்டிகள் இறந்தது பதிவாகியிருக்கிறது, லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது, ஒரு பூச்சியே கொல்லும்.

மலம் போகவில்லை, போனாலும் சரியில்லை

நிறைய தின்னும் குட்டி தினமும் அல்லது ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை மலம் கழிக்கும். கறுப்பும் வெள்ளையுமாக வரும், அந்த வெள்ளைக் கட்டிதான் சிறுநீர் உப்பு. அது மென்மையான வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சளாகி, காய்ந்து சுண்ணாம்புக்கட்டி போல வந்தால் தண்ணீர் போதவில்லை. பல பியர்டிகளுக்குக் கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீர் கண்ணில் படாது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால் நக்கும், கீரையை நனைத்தே கொடுங்கள். தோல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் என்று குளிப்பாட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது வாயால் குடித்தால்தான் உள்ளே போகும்.

பல நாள் மலம் இல்லை, சாப்பாடும் குறைகிறது என்றால் அடைப்பு. கண்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சி, குளிர்ந்த கல், தண்ணீர்க் குறைவு, விழுங்கிய மணல், இந்த நான்கில் ஒன்றாகவோ பலவாகவோ இருக்கும். வளரும் குட்டிக்குத் தரையில் மணல் வேண்டாம், தாள் அல்லது டைல் போதும். சூட்டைச் சரிசெய்து, தோள் மூழ்காத வெதுவெதுப்பான தண்ணீரில், 32 டிகிரி சுமாருக்கு, கால் மணி நேரம் நிற்க வைத்தால் பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தாலோ வயிறு கல்லாக உப்பினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். உணவை வாயில் திணிப்பது இந்த நிலையில் மிக ஆபத்தானது.

குடைமிளகாய், கேரட் தின்ற மறுநாள் சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். பட்டுப்புழு நிறைய தின்றாலும் கொஞ்சம் இளகும்.

சாப்பிட்டதைக் கக்குகிறது

பெரும்பாலும் இரவுதான். விளக்கணைக்க அரை மணி நேரம் இருக்கும்போது வேலையிலிருந்து வந்து வயிறு முட்டப் பூச்சி போடுவோம், அப்புறம் சூடு போய்விடும், செரிக்காது. கடைசி வேளைக்கும் விளக்கணைப்பதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சாப்பிட்ட உடனே கையில் எடுத்து அழுத்துவதும் காரணமாகலாம். ஒரு தடவை என்றால் சரி, மறுபடி நடந்தால் மருத்துவர்.

தின்னாமல் மிச்சமான கிரிக்கெட்டை இரவில் தொட்டிக்குள் விடக் கூடாது, பசியில் அது தூங்கும் குட்டியின் கண்ணோரத்தையும் வாலையும் கடிக்கும்.

ஒரு வயதை நெருங்குகிறது, குண்டாகிறது

எடைத் தாளில் கோடு நிற்காமல் ஏறுகிறது, ஆனால் நீளம் நின்றுவிட்டது. தலையின் மேல் கண்களுக்குப் பின்னால் இருக்கும் மேடுகளைப் பாருங்கள். குழிந்திருந்தால் ஒல்லி, லேசாகத் திரண்டிருந்தால் சரி, உருண்டு துருத்திக்கொண்டிருந்தால் கொழுப்பு. கழுத்துக்கும் கைக்கும் இடையே மடிப்பு தொங்கினாலும் அதே கதை. கல்லீரல் கொழுப்பு அமைதியாக வந்து உயிரை எடுக்கும் நோய், பத்து பதினைந்து ஆண்டு வாழ வேண்டியது பாதியில் போய்விடும்.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் உணவை மாற்றி முடித்துவிடுங்கள். பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மற்ற நாட்களில் இலை. கால்சியம் பவுடரையும் இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைக்கலாம், முட்டையிடும் பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக வேண்டும், ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முதல் சில வாரம் ரகளை நடக்கும். கண்ணாடியைப் பிறாண்டும், முறைக்கும், தாடியைக் கறுப்பாக்கிக் காட்டும், வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பாவம் பார்த்து உங்களுக்குத் தெரியாமல் மீல்வார்ம் போடுவார்கள். பூச்சி டப்பாவை அதன் கண்ணுக்கும் பிள்ளைகள் கைக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள்.